மச்சான் கொடுத்த விதை, மகன் கொடுத்த மாத்திரை

ஜூலை 22, திங்கள்

தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு மண்டியில் மூட்டைச் சிட்டை எழுதுவதைத் தவிர நான் பேனாவைத் தொட்டதில்லை. சர்க்கரை மண்டி முதலாளி புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி பீரோ மேல் சும்மா கிடந்தது. எடுத்துத் தூசி தட்டினேன். நாலு தும்மல். ஆரம்பமே அமர்க்களம்.

கெட்ட கொழுப்பு 186. நூற்றுக்குள் இருக்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் எனக்கு நூற்றுக்கு மேல் போட்டதில்லை. கடைசியில் ரத்தம்தான் போட்டிருக்கிறது.

காலை: சந்தவை, அதாவது இடியாப்பம், தேங்காய்ப்பால். மதியம்: சோறு, பருப்பு, கத்தரிக்காய். இரவு: அரிசிம்பருப்பு சாதம், நெய் இரண்டு கரண்டி. ஒரு கரண்டி என்று எழுதத்தான் நினைத்தேன், டாக்டரம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. படுக்கும்போது போடச் சொன்ன மாத்திரை ஒன்று.

ஜூலை 25, வியாழன்

இன்று மச்சான் என்னிடம் பேசினார். நாலு வருஷத்துக்குப் பிறகு.

மச்சான் என்றால் என் மனைவி துளசிமணியின் அண்ணன் குழந்தைவேலு. சந்தை வீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். பெயரில்தான் குழந்தை. கடைக்கு நேர் எதிரே என் மகன் யுவராஜின் கடை, உடம்பு ஏற்றுகிற பவுடர் டப்பாக்கள் விற்கிறான். மச்சானின் மகள் மைதிலியை இவனுக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்தே பேசி வைத்திருந்தோம். வயது வந்ததும் இவன் மாட்டேன் என்றுவிட்டான். மைதிலி திருப்பூரில் கல்யாணம் ஆகி நன்றாக இருக்கிறாள், இவன் பிறந்த நாளுக்குப் போன் செய்து கேலி பண்ணுகிறாள். அவளுக்கு இல்லாத கோபம் அவள் அப்பாவுக்கு. அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. காலையில் வாசல் தெளிக்கும்போது மாமனும் மருமகனும் தண்ணீரை எதிர்க் கடையைப் பார்த்துத்தான் வீசுகிறார்கள்.

மண்டியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். கல்லாவில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டார்.

"ஏனுங் மாப்ள, உங்க ரத்தத்துல கொழுப்பு ஏறிப்போச்சாமா?"

"ஊருக்கே தெரிஞ்சு போச்சுங்களா மச்சான்?"

"உங்களுக்குக் கொழுப்பு உண்டுங்கறது எனக்கு முந்தியே தெரியுமுங்க. ரத்தத்துல இருக்கறதுதான் இப்பத் தெரிஞ்சுது."

எங்கள் பக்கம் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். அடி விழுந்தது அப்போது தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் தெரியும்.

ஒரு பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். ஆளி விதை. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு, பழுப்பாகப் பளபளவென்று இருக்கிறது. வறுத்துப் பொடித்து மோரில் போட்டுத் தினமும் குடிக்க வேண்டுமாம்.

"மூணு மாசம் குடியுங்க. கொழுப்பு எறங்குச்சுன்னா உங்க பையன் கல்யாணத்துக்கு நான் வந்து மாலையைப் போடறேன்."

கார்த்திகையில் கல்யாணம். பெண் அந்தியூர். மாப்பிள்ளைக்கு முதல் மாலையைத் தாய்மாமன்தான் போட வேண்டும். துளசிமணிக்குக் கூடப் பிறந்தது இவர் ஒருத்தர்தான். தேதி குறித்த நாளிலிருந்து அவள் மண்டபம் எது, சேலை என்ன விலை என்று ஒன்றும் கேட்கவில்லை. "எங்கண்ணன் வருமுங்களா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"சேரிங் மச்சான்" என்றேன்.

"ஆனா அந்தப் பையன் கடையில என்னமோ மீன் எண்ணெய்னு மாத்திரை வெச்சிருக்கறானாமா. அதுல ஒண்ணு உங்க வாய்க்குள்ள போச்சுன்னாலும் பேச்சு முடிஞ்சுதுங்க."

"சேரிங் மச்சான்."

"அப்பறம் அந்த இங்கிலீஷ் மாத்திரை. அதையும் முழுங்கிட்டு இதையும் குடிச்சா, எறங்குனது எதுலன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். நிறுத்திப்போடுங்க."

"சேரிங்."

எத்தனை 'சேரிங்' சொன்னேன் என்று வீட்டுக்கு வந்துதான் நினைத்துப் பார்த்தேன்.

பொட்டலத்தைக் கொடுத்ததும் துளசிமணி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். கொழுப்புக்கு மருந்து என்றேன். "எங்கண்ணன் வீட்லருந்து வந்திருக்குதுங்க" என்றாள். விளக்கு வேறு ஏற்றினாள்.

ஜூலை 26, வெள்ளி

மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தபோது யுவராஜ் வந்துவிட்டான்.

"அந்தாளு கடை விதை நம்ம மிக்ஸியில எதுக்குங்மா?"

"மாமான்னு சொல்லு."

"அந்த மாமா கடை விதை."

அவள் மிக்ஸியின் வேகத்தைக் கூட்டினாள். இவன் என் பக்கம் திரும்பினான்.

"அப்பா, நான் கடையில மீன் எண்ணெய் கேப்சூல் விக்கறேன். சொந்த அப்பன் எதுத்த கடை விதையை நக்கிட்டுத் திரிஞ்சா என்கிட்ட எவன் வாங்குவான்?"

"நக்கலைப்பா. மோருல குடிக்கறேன்."

"சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை. என் முகம் அப்படி. ஒரு டப்பாவை மேசையில் வைத்தான். தேன் நிறத்தில், விரல் நுனி அளவுக்குக் கேப்சூல்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு. மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் எடுத்து, முந்தியது ஒன்றும் பிந்தியது ஒன்றுமாகக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவானாம்.

"டாக்டர் குடுத்த டேப்லெட் வேண்டாங்ப்பா. அதையும் போட்டா ரிசல்ட் கரெக்டா தெரியாது."

நாலு வருஷமாக இரண்டு பேரும் எதிலும் ஒத்துப்போனதில்லை. இன்றைக்கு ஒரே விஷயத்தை இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள், ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியாமலே. அந்தச் சந்தோஷத்தில் சரி என்றுவிட்டேன்.

காலை: மச்சான். இரவு: மகன். நடுவில் ரசம் சோறு.

ஜூலை 30, செவ்வாய்

மாத்திரையை நிறுத்தியது துளசிமணிக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அண்ணனைக் கேட்பாள், கேட்டால் அவர் முறுக்கிக்கொள்வார், மாலை போய்விடும். தினமும் படுக்கும்போது அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி வாஷ்பேசினில் போடுகிறேன். எங்கள் வீட்டுச் சாக்கடைக்கு இனி நெஞ்சு வலியே வராது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. பவானி போய்க் குளித்தோம். படித்துறையில் ஏறி வரும்போது மூச்சு வாங்கியது. கூட்டம்.

புளிச்சோறு, தயிர்ச்சோறு, ஆளி விதை மோர், கேப்சூல் இரண்டு. வயிற்றுக்குள் சந்தை கூடிய மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று ஒன்றும் விசேஷமில்லை. மண்டி மாடிப்படி மட்டும் போன மாதத்தைவிடக் கொஞ்சம் உயரமாகியிருக்கிறது.

ஆகஸ்ட் 17, சனி

இடது தோளில் ஒரு பிடிப்பு. தலையணை சரியில்லை என்றேன். துளசிமணி புதுத் தலையணை வாங்கி வந்தாள்.

மதியம் மச்சான் கடை வாசலில் நிற்க வேண்டியதாகிவிட்டது. எதிர்க் கடையில் யுவராஜ் ஒரு காலேஜ் பையனிடம் பேசிக்கொண்டிருந்தான். மச்சான் கல்லாவிலிருந்தபடியே, காற்றிடம் சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

"டப்பாவுல அடைச்ச மாவைத் தின்னு ஒடம்பு வருமுன்னா எங்க வீட்டு எலிக்கு இந்நேரம் தொடை வந்திருக்கோணுங்க."

யுவராஜும் அதே காற்றிடம் சொன்னான்: "எலி விதையைத்தான் தின்னுதாமா. அதான் பொந்துக்குள்ளயே கெடக்குது."

அந்தப் பையன் ஒன்றும் வாங்காமல் போய்விட்டான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஒரு தீர்ப்புச் சொல்வேன் என்கிற மாதிரி. நான் வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்றேன். நல்ல வெயில்.

செப்டம்பர் 1, ஞாயிறு

தலையணையை மறுபடி மாற்றினோம். இது இலவம்பஞ்சு.

செப்டம்பர் 12, வியாழன்

லோடு ஏற்றும்போது நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆள் கொஞ்சம் கனம். மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டேன், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார். வாயுதான். ஆளி விதை வாயு பண்ணுமாம். அதற்கு ஓமம் நல்லதாம், ஓமமும் மச்சான் கடையில்தான் இருக்கிறது. விதை விற்று வாயுவைக் கொடுத்து, ஓமம் விற்று வாயுவை எடுக்கிறார். இந்த மூளை எனக்கு இருந்திருந்தால் மண்டிக்கே முதலாளி ஆகியிருப்பேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் விதைமேல் பழி வரும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் கறி, மீன், முட்டை எல்லாம் ஒரு மாதத்துக்குக் கிடையாது. கேப்சூலை என்ன செய்வது என்று துளசிமணி கேட்டாள்.

"அது மருந்துங்மா, மருந்துக்கு மாசம் ஏது?" என்றான் யுவராஜ்.

"மீன்லருந்து எடுக்கறதுதானே?"

"ஏம்மா, பால் மாட்டுலருந்து எடுக்கறதுதானே?"

அவள் யோசித்தாள். பிறகு கேப்சூல் டப்பாவைச் சமையலறையிலிருந்து எடுத்து வாசல் நடையில் செருப்பு வைக்கிற இடத்துக்கு மேல் வைத்துவிட்டாள். அங்கேயே நின்று முழுங்கிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வர வேண்டும். உத்தரவு.

செப்டம்பர் 28, சனி

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் டாக்டரம்மாவின் உத்தரவு.

நேற்றுக் கல்யாணப் புடவை எடுக்க ஈரோடு போய் வந்ததில் கேப்சூல் விட்டுப்போயிற்று. காலையில் கடைக்குக் கிளம்பின யுவராஜ் கேட்டான், வாசல் நடையிலேயே இரண்டையும் போட்டுக்கொண்டேன். மண்டிக்குப் போகிற வழியில் மச்சான் கூப்பிட்டார். புரட்டாசிச் சனிக்கிழமை, நெற்றியில் நாமம். பெருமாளுக்குப் படைத்த சுண்டலைத் தொன்னையில் வைத்துக் கொடுத்தார். சிரித்தபடிதான் கொடுத்தார். அவர் பல்லைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது.

"ரெண்டு மாசமாச்சுங்க. முகத்துல ஒரு தெளிவு தெரியுது மாப்ள."

"எல்லாம் உங்க விதைதானுங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏப்பம் வந்துவிட்டது. சின்ன ஏப்பமாக இருந்தால் சுண்டலோடு முழுங்கியிருப்பேன். இது வயிற்றின் அடியிலிருந்து வந்தது. கடை முழுக்க வசம்பும் சுக்கும் கடுக்காயும் மணந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு மீன் சந்தை இறங்கியது.

மச்சான் தொன்னையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"மாப்ள. உங்க வாய்க்குள்ள கடல் இருக்குதுங்க."

"மச்சான், அது..."

"புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் பிரசாதம் கையில. மீனு வாயில." ஒவ்வொன்றாகச் சொன்னார். "என்னைக் கேனயன்னு நெனைச்சுப்போட்டீங்களா, இல்ல பெருமாளையேங்களா?"

எதிர்க் கடையில் யுவராஜ் கேட்டுக்கொண்டுதான் நின்றான். சிரித்தான். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்தால்கூட நான் எப்படியாவது சமாளித்திருப்பேன்.

"கல்யாணத்துக்கு நான் வரலைங்க. என்ற தங்கச்சிகிட்டச் சொல்லீருங்க. வேண்டாம், நானே சொல்லிக்கறேன்."

செப்டம்பர் 29, ஞாயிறு

நேற்று ராத்திரி மச்சான் துளசிமணிக்குப் போன் செய்தார். நாலு வருஷத்தில் முதல் போன். அவள் "அண்ணா" என்று எடுத்தாள், முகமெல்லாம் பூரிப்பு. அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டுப் போய்க் கழுவின பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

என்னைத் திட்டவில்லை. யுவராஜைத்தான் கேட்டாள்: "சிரிச்சயாமா?"

"அவரு என்ன பேசினாருன்னு கேட்டீங்களாம்மா?"

"நீ சிரிச்சயா?"

அவன் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனான். மீதியை நான் சாப்பிட்டேன். எழுத வேண்டும் அல்லவா: தோசை மூன்று, அவனுடையது ஒன்றரை.

அக்டோபர் 3, வியாழன்

மச்சான் கடைக்குப் போனேன். பரிசோதனை எடுத்துக்கொண்டு வருகிறேன், கொழுப்பு இறங்கியிருந்தால் வாருங்கள் என்றேன். கால் மணி நேரம் கடுக்காய் நிறுத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சேரி, பாக்கலாமுங்க. எறங்குலைன்னா அந்த மீன்தான் கெடுத்துச்சுன்னு அர்த்தம்" என்றார்.

எதிர்க் கடைக்குப் போய் மகனிடம் சொன்னேன். "எறங்குலைன்னா அந்த விதைதான் காரணம்" என்றான்.

இரண்டு பேருக்கும் பதில் தயாராக இருக்கிறது. ரத்தம் கொடுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி, அது என் பொறுப்பு.

அக்டோபர் 8, செவ்வாய்

194.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ராத்திரி மாத்திரை போடறீங்களா?"

"போடறேனுங்க."

"தவறாம?"

துளசிமணி குறுக்கே வந்தாள். "தவறாம போடறாருங்க. நான் அட்டையைப் பாக்கறேனே, காலியாகிட்டே வருதுங்க." எனக்காகச் சாட்சி சொல்கிறாள், அதுவும் அவ்வளவு நம்பிக்கையாக. நான் மேசையில் இருந்த பிளாஸ்டிக் இருதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு அறை, நீலமும் சிவப்புமாகக் குழாய்கள். அழகாகத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆளி விதை, மீன் எண்ணெய் இரண்டையும் சொன்னேன். எது நல்லது என்று கேட்டேன். "ரெண்டும் சாப்பாட்டோட சேத்துக்கற சங்கதி. உங்க அளவுக்கு ரெண்டும் பத்தாது. மாத்திரைக்குப் பதிலா எதுவும் ஆகாது" என்றார். பிறகு, "படி ஏறினா நெஞ்சு பிடிக்குதா?" என்றார்.

"வாயுங்க."

"தோள்பட்டை?"

"தலையணைங்க."

ஈசிஜி எடுக்கச் சொன்னார். எடுத்த காகிதத்தைப் பார்த்தபிறகு அவர் என்னிடம் பேசவில்லை, துளசிமணியிடம்தான் பேசினார். இன்றைக்கே ஈரோடு.

அக்டோபர் 15, செவ்வாய்

ஈரோட்டு ஆஸ்பத்திரி. இருதயக் குழாயில் அடைப்பு. கை வழியாகப் போய் ஒரு கம்பி வலை வைத்திருக்கிறார்கள். சாப்பாடு: உப்பில்லாத கஞ்சி. உப்பில்லாத இட்லி. உப்பில்லாத எல்லாம்.

இன்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்க்க வந்துவிட்டார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மச்சான், இந்தப் பக்கம் மகன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான்தான் ஆரம்பித்தார். என்னிடம் சொல்கிற மாதிரி:

"அப்பவே சொன்னேனுங்க மாப்ள. சேராததைச் சேத்தா இப்படித்தான்."

"எது சேராததுங்?" என்றான் யுவராஜ். முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்து.

"உன்ற மீனு."

"உங்க விதையைத் தின்னு தின்னுத்தான் வாயு வாயுன்னு நெஞ்சு வலியக்கூட மறைச்சிருக்கறாரு."

"என்ற விதை வேலை செய்யோணுமுன்னுதான்டா இங்கிலீஷ் மாத்திரையவே நிறுத்தச் சொன்னேன்! நடுவுல நீ புகுந்து..."

"நீங்க மட்டுமா சொன்னீங்க? நானும்தான் நிறுத்தச் சொன்னேன். அப்ப..."

அங்கே நின்றுவிட்டான். கதவருகில் துளசிமணி, கையில் கஞ்சித் தூக்கு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

அவள் தூக்கை அலமாரியில் வைத்தாள். மூடியைத் திறந்து ஆவி போகட்டும் என்று விட்டாள்.

"அட்டை காலியாச்சே" என்றாள் என்னிடம். "தெனமும் பாத்தனே."

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. "சாக்கடைக்குக் கொழுப்பு இறங்கியிருக்கும்" என்றேன்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள்.

"அம்மிணி, நான் என்ன சொல்ல வர்றன்னா..."

"போங்கண்ணா."

அக்டோபர் 27, ஞாயிறு

வீடு. ராத்திரி மாத்திரையை இப்போது அவளே வாயில் போடுகிறாள். போட்டுவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறாள். ஐம்பத்தேழு வயதில் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன்.

யுவராஜிடம் பேசுகிறாள், பேச வேண்டியதை மட்டும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடு, சமையல்காரரைப் பார், சாப்பிட்ட தட்டை எடுத்து வை. கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமா என்று அவனே கேட்டான். "பொண்ணு வீட்டுக்காரங்க என்ன பாவம் பண்ணுனாங்க?" என்றாள்.

நவம்பர் 6, புதன்

பத்திரிகை வைக்க ஆரம்பித்தாகிவிட்டது. குலதெய்வத்துக்கு முதலில் வைத்தோம். அடுத்தது பிறந்த வீடு, அண்ணன் வீடு. வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துத் தட்டு எடுத்துக்கொண்டு தங்கச்சியே போய் அழைக்க வேண்டும். அழைக்காமல் எந்தத் தாய்மாமனும் வரமாட்டார்.

அவள் தட்டே எடுக்கவில்லை. அந்தியூர், பவானி, சித்தோடு எல்லாம் முடிந்துவிட்டது. சந்தை வீதி மட்டும் நிற்கிறது.

"போலாமே" என்றேன்.

"எதுக்குங்க?"

"உன்ற அண்ணன்."

"உங்களைச் சாகக் குடுத்து வாங்கற மாலை எனக்கு வேண்டாமுங்க."

"நான் எங்க செத்தேன்? பாரு, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறேன். அந்தக் கல்லுக்கு நடுவுல கம்பி வேற வெச்சிருக்குது." வழக்கமாக இப்படி ஏதாவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது சிரிப்பாள்.

"சிரிச்சுச் சிரிச்சே செத்துப் போயிருப்பீங்க" என்றாள். "அண்ணன் சொன்னா சேரிங்கறீங்க. பையன் சொன்னா சேரிங்கறீங்க. நெஞ்சு வலிச்சாத் தலையணைங்கறீங்க. நான் ரெண்டு தலையணை வாங்கீட்டு வந்தேன், கிறுக்கியாட்டம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, மாட்டேன்னு யாருகிட்டயாவது சொல்லியிருக்கறீங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன்.

"எங்கண்ணன் வரோணுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லறதுதான்."

அவளுக்கு அவர் வர வேண்டும். அது எனக்குத் தெரியும். வேண்டாம் என்று அவள் சொன்னபோது கையிலிருந்த முறுக்கை உடைத்து உடைத்துப் பொடியாக்கிவிட்டாள்.

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு, கீரை. இரவு: சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 7, வியாழன்

தட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். அவள் தடுக்கவில்லை, கூட வரவுமில்லை.

மச்சான் கடையில் ஆள் இருந்தது. மகன் கடையிலும் ஆள் இருந்தது. போகட்டும் என்று காத்திருக்கத்தான் நினைத்தேன், பழக்கம் அப்படி. பிறகு நடு வீதியிலேயே நின்று எதிர்க் கடையைப் பார்த்துக் கூப்பிட்டேன். "யுவராஜு, இங்க வா."

"அப்பா, உள்ள வந்து பேசுங்ப்பா. ஊரு பாக்குது."

"பாக்கட்டும். வா."

வந்தான். தட்டை மச்சான் கல்லா மேல் வைத்தேன்.

"மச்சான். கல்யாணத்துக்கு வாங்க. தாய்மாமன் மாலையை நீங்கதான் போடோணும். அது என்ற பொண்டாட்டி பொறந்த வீட்டு உரிமை. என்ற கொழுப்பு ஏறுனாலும் எறங்குனாலும் அதுல பேரம் கெடையாதுங்க."

"யாருகிட்டப் பேசறீங்க மாப்ள?"

"உங்ககிட்டத்தானுங்க. உங்க ரெண்டு பேருகிட்டயும். விதை நல்லதோ மீன் நல்லதோ, உங்க சண்டையை என்ற வாயில கொண்டாந்து ஊத்துனீங்க. ஊத்துங்கன்னு நானும் வாயைத் தொறந்துட்டு நின்னேன். இனி என்ற வாய்க்குள்ள என்ன போகுதுன்னு யாரும் கேக்கக்கூடாது. மாட்டேன்."

சின்னச் சிரிப்புக்கூட வரவில்லை, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மச்சானுக்கு முகம் கறுத்துவிட்டது.

"தங்கச்சி வந்து அழைக்கோணும். நீங்க கொண்டாந்த தட்டை நான் எப்படி எடுக்கறது?"

"அவ வரமாட்டாளுங்க. எதுக்கு வரமாட்டான்னு உங்களுக்குத் தெரியும். எடுக்கறதும் விடறதும் உங்க இஷ்டம்."

யுவராஜ் கீழே பார்த்தபடி, "மாமா, வாங்க" என்றான். அவர் அவனைப் பார்க்கவில்லை. தட்டையும் தொடவில்லை. நான் திரும்பி நடந்தேன். வீதி முக்கில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். தட்டு கல்லா மேலேயே இருந்தது.

"எடுத்தாருங்களா?" என்றாள் துளசிமணி.

"தெரியலை."

நவம்பர் 27, புதன்

கல்யாணம்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்பு மச்சான் வந்தார். பட்டு வேட்டி, கையில் மாலை. அவர் போட்டுக்கொண்டு வந்த முகத்தைப் பார்த்து நாதஸ்வரக்காரர்கள் ஒரு கணம் ஊதுவதை நிறுத்திவிட்டார்கள். யுவராஜுக்கு மாலையைப் போட்டார், தோளைத் தொடாமல். அவன் காலில் விழுந்தான். எழுந்திரு என்று சொல்லாமல் நகர்ந்துகொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. தங்கச்சியிடம் தட்டுச்சீரைக் கொடுத்தார், அவள் வாங்கிக்கொண்டாள். தாலி கட்டி முடித்ததும் கை கூப்பிவிட்டு வெளியே போய் வண்டியை எடுத்தார். சாப்பிடவில்லை. கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போவதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று மண்டபத்திலிருந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் துளசிமணியைப் பார்த்தார்கள்.

நான் போய்க் கூப்பிடட்டுமா என்றேன்.

"வந்துச்சுல்லங்க. போதும்" என்றாள். "பசிச்சா வீட்ல போய்ச் சாப்பிட்டுக்கும்."

கண் கலங்கியிருந்தது. ஆனால் தலையை நிமிர்த்தித்தான் வைத்திருந்தாள். வழக்கமாகக் கடைசிப் பந்தியில் உட்காருகிறவள் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முதல் பந்தியில் உட்கார்ந்தாள், எனக்குப் பக்கத்து இலையில். ஜிலேபி வந்தது. என் இலைக்கு மேல் அவள் கை. அப்பளம் வந்தது, கை. வடை வந்தது.

"அட, ஒண்ணு வெக்கட்டும்" என்றேன். "கல்யாணமுல்ல."

"மாட்டேன்" என்றாள்.

பரிமாறுகிறவன் என்னைப் பார்த்தான். நான் அவள் கையைப் பார்த்தேன். வளையல் நிறைய, மருதாணி. நகரவில்லை.

மதியம்: சோறு, பருப்பு, ரசம், மோர். பாயசம் அரைக் கரண்டி. அவள் அந்தப் பக்கத்து இலையில் யாரிடமோ பேசத் திரும்பினபோது வாங்கிக்கொண்டது.